மாடித்தோட்டம்: கேளுங்கள், சொல்கிறோம்

மாசியில் மாடியில் காய்கறி போடலாமா? சென்ற ஆண்டு தக்காளி பூத்தது, ஒரு காய்கூட நிற்கவில்லை.
- வாசகி, மதுரை

தாராளமாகப் போடலாம், ஆனால் தக்காளியை இப்போது தொடங்காதீர்கள். மாசியில் நட்டால் பங்குனி, சித்திரையில்தான் பூக்கும். பகல் வெயில் 35 டிகிரியைத் தாண்டி, இரவிலும் சூடு தணியாவிட்டால் மகரந்தம் கெட்டுப் பூ உதிரும். உரம் கூட்டினாலும் நிற்காது. தக்காளியை ஆடிக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

வெண்டை, கொத்தவரை, தண்டுக்கீரை வெயிலைத் தாங்கும். செடிப் பையில் நிரப்பும் மண் கலவை: செம்மண் 2 பங்கு, தென்னை நார்க்கழிவு 2 பங்கு, மட்கிய தொழு உரம் 1 பங்கு. பைக்கு ஒரு கைப்பிடி வேப்பம் புண்ணாக்கு. நார்க்கழிவை இரண்டு மூன்று முறை அலசிப் பிழிந்தே சேருங்கள், அதிலுள்ள உப்பு வேரைக் கருக்கும். கலவையை நனைத்து 10 நாள் ஆறவிடுங்கள். வெண்டை விதையை இரவு ஊறவைத்து, ஓர் அங்குல ஆழத்தில் பைக்கு மூன்று ஊன்றி, முளைத்ததும் திடமான ஒன்றை மட்டும் விடுங்கள். சுமார் 45 நாளில் காய் பறிக்கலாம்.

வெண்டை இலை நரம்பு மஞ்சளானால் என்ன செய்வது?
- வாசகர், திருச்சி

வெள்ளை ஈ பரப்பும் வைரஸ் நோய், மருந்து கிடையாது. செடியைப் பிடுங்கி அப்புறப்படுத்துங்கள். மற்றவற்றுக்கு லிட்டர் தண்ணீரில் 5 மில்லி வேப்பெண்ணெயும் சிறிது சோப்புக் கரைசலும் கலந்து, மாலையில் இலையின் அடிப்புறம் நனையத் தெளியுங்கள்.