மூன்று சுழி ணகரத்தின் அகலம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

கருத்தரங்கு ஒன்றுக்குச் சுவரொட்டி வடிவமைத்தேன். தலைப்பு, 'எண்ணமும் வண்ணமும்'. இடம் போதாததால் வழக்கமான தடித்த எழுத்துருவை அகலத்தில் மட்டும் 60 சதவீதமாகச் சுருக்கினேன். பக்கத்தில் இம்பாக்ட் எழுத்துருவில் ஆங்கிலத் தலைப்பு கம்பீரமாக நிற்கிறது. தமிழ் நோஞ்சானாகத் தெரிகிறது. ஒடுங்கிய எழுத்து தமிழுக்குப் பொருந்தாதா?

அன்புடன்,
ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

பொருந்தும். நீங்கள் செய்தது ஒடுங்கிய எழுத்து அல்ல, நசுக்கிய எழுத்து. அகலத்தை 60 சதவீதமாக்கினால் பத்து அலகு தடிப்புள்ள செங்குத்துக் கோடு ஆறாக மெலிகிறது. படுக்கைக் கோடு பத்தாகவே இருக்கிறது. தூண் இளைத்து உத்தரம் பருத்த வீடு அது. இம்பாக்ட்டை யாரும் நசுக்கிச் செய்யவில்லை. ஜெஃப்ரி லீ அதை அந்த அகலத்துக்கென்றே வரைந்தார்; 1965இல் அச்செழுத்தாக வந்தது. தடிப்பைக் காப்பாற்றி, உள்வெளியை, அதாவது எழுத்துக்குள் இருக்கும் வெள்ளையை, கீற்றாகக் குறைத்தார்.

தமிழில் இந்த வேலை கடினம், காரணம் ணகரம். ரகரத்தை எவ்வளவு ஒடுக்கினாலும் தாங்கும். மூன்று சுழி ணகரத்தில் சுழிகளும் வளைவுகளும் அடுத்தடுத்து நெருங்கி நிற்கின்றன. எல்லாவற்றுக்கும் முழுத் தடிப்புக் கொடுத்தால் உள்வெளி அடைபட்டுக் கறுப்புக் கட்டியாகிவிடும். ஆகவே நல்ல வடிவமைப்பாளர் ணகரத்திலிருந்து தொடங்குவார்: மெலிந்தது கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு மட்டும் உட்கோடுகளை மெலியவிட்டு, சுழியை வட்டத்திலிருந்து நீள்வட்டமாக்கி, அந்த அகலத்துக்கு மற்ற எழுத்துகளை இணங்க வைப்பார். ரகரத்தில் தொடங்கியவர் பாதி வழியில் மாட்டிக்கொள்வார். (1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முன் ணை, லை போன்றவை துதிக்கைக் கொம்போடு ஒற்றை வடிவமாக இருந்தன. இன்று இணைக்கொம்பு தனியே ஓரிடம் கேட்கிறது. படிக்க எளிது, தலைப்பு நீளம்.)

உங்கள் தலைப்பில் நான்கு ணகரங்கள். இயந்திரம் நசுக்கியதில் முதலில் பலியானவை அவைதான்.

ஏக் டைப் என்ற எழுத்துரு நிறுவனம் உருவாக்கிய 'அனேக் தமிழ்' எழுத்துருவில் அகலத்தையே 75 முதல் 125 சதவீதம் வரை மாற்றலாம். ஒடுங்கிய முனையிலும் கோடுகளின் தடிப்பு குலையாதபடி வரைந்திருக்கிறார்கள். அதைப் பயன்படுத்துங்கள். 75-இலும் இடம் போதாவிட்டால் அளவைக் குறையுங்கள், அல்லது இரண்டு வரியாக்குங்கள். மேற்கொண்டு நசுக்க வேண்டாம்.

இரண்டு வரியாக்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். ஆங்கிலப் பேரெழுத்துகளுக்கு மேலும் கீழும் பெரும்பாலும் எதுவும் நீளாது. வரிகளைச் செங்கல் போல அடுக்கலாம். நமக்கு மேல்வரியின் மு கீழே இறங்கும், கீழ்வரியின் ண் தலையில் புள்ளி ஏந்தி நிற்கும். இரண்டும் இடிக்காத அளவுக்கு வரி இடைவெளி விடுங்கள். எழுத்து இடைவெளியையும் இதற்குமேல் இறுக்க வேண்டாம். எழுத்துக்குள் இருக்கும் வெள்ளையும் எழுத்துகளுக்கிடையே உள்ள வெள்ளையும் ஏறக்குறைய ஒத்திருக்கும்போதுதான் சொல் ஒரே ஓட்டமாகத் தெரியும். அழைப்பிதழின் சிறிய எழுத்துகளுக்கு இதே ஒடுங்கிய எழுத்தைக் கொண்டுபோகாதீர்கள், அங்கே கண் திணறும்.

திருத்திய சுவரொட்டியை அனுப்பிவையுங்கள். முதலில் அந்த 'ண்ண'வைத்தான் பார்ப்பேன்.