கோலிசிஸ்டெக்டமியை வாலிலிருந்து படியுங்கள்

அம்மாவுக்குப் பித்தப்பைக் கல்லுக்கு ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கு வந்துவிட்டார், டிஸ்சார்ஜ் சம்மரியைப் பிரித்தால் கோலிலித்தியாசிஸ், கோலிசிஸ்டைட்டிஸ், கோலிசிஸ்டெக்டமி என்று மூன்று நீள வார்த்தைகள், மூன்றும் ஒன்றுதானா, நடுவில் சிஸ்ட் என்று வருகிறதே, எங்களிடம் சொல்லாமல் நீர்க்கட்டி ஏதும் எடுத்தார்களா, இன்சூரன்ஸ் படிவத்தில் நோய் என்ற இடத்தில் எதை எழுதுவது என்று ஒரு வாசகி கேட்டிருக்கிறார்.

முதலில் அந்த சிஸ்ட் பயத்தைத் தீர்த்துவிடுவோம். கிரேக்கத்தில் அந்தச் சொல்லுக்குப் பை என்று அர்த்தம். நீர் கோத்துப் பை மாதிரி இருப்பதால் நீர்க்கட்டிக்கும் அந்தப் பெயர் வந்தது, அவ்வளவுதான். கோலி என்றால் பித்தம். கோலி, சிஸ்ட் இரண்டும் சேர்ந்தால் பித்தப்பை. நம் சொல்லை அப்படியே எழுத்துக்கு எழுத்து பெயர்த்த மாதிரி இல்லையா? ரத்தப் பரிசோதனையில் வரும் கொலஸ்ட்ராலின் முன்பாதியும் இதே பித்தம்தான், அதை முதலில் கண்டெடுத்ததே பித்தக்கற்களிலிருந்து.

நான் பல வருடம் மெடிக்கல் டிரான்ஸ்கிரிப்ஷன் வேலை பார்த்தவள், டாக்டர்கள் பேசிப் பதிவு செய்ததைக் காதில் மாட்டிக் கேட்டு டைப் அடிப்பது. அங்கே புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு நான் சொல்லிக்கொடுத்த ஒரே வழி, வார்த்தையை வாலிலிருந்து படியுங்கள் என்பது. தமிழ் தெரிந்தவர்களுக்கு இது புதிதே அல்ல. படித்தான், படித்தாள், படிப்பார்கள் எல்லாவற்றிலும் பகுதி ஒன்றுதான், யார் என்பதை விகுதிதானே சொல்கிறது. மருத்துவச் சொல்லிலும் தலை எந்த உறுப்பு என்று சொல்லும், வால் அதற்கு என்ன ஆனது அல்லது அதை என்ன செய்தார்கள் என்று சொல்லும்.

உங்கள் மூன்று சொற்களுக்கு வருவோம். லித் என்றால் கல், லித்தியாசிஸ் என்றால் கல் உண்டாகியிருக்கிறது. ஐட்டிஸ் என்றால் அழற்சி. டான்சிலைட்டிஸ், அப்பெண்டிசைட்டிஸ், ஆர்த்ரைட்டிஸ் எல்லாம் அந்தந்த இடத்தின் அழற்சி, ஹெபடைட்டிஸ் என்பது கல்லீரல் அழற்சி. எக்டமி என்றால் வெட்டி வெளியே எடுத்தாயிற்று. ஆக உங்கள் அம்மாவுக்குப் பித்தக்கல் இருந்தது, அதோடு பித்தப்பை வீங்கி அழற்சி கண்டிருந்தது, கடைசியில் பித்தப்பையையே எடுத்துவிட்டார்கள். முதல் இரண்டும் நோய், மூன்றாவது சிகிச்சை. கல்லை மட்டும் எடுத்துப் பையைத் தைத்துவிட்டார்கள் என்று நம் வீடுகளில் பலர் நினைத்துக்கொண்டிருப்பார்கள், அது இல்லை. பித்தம் கல்லீரலில்தான் ஊறுகிறது, பை அதைச் சேமித்து வைக்கும் இடம் மட்டுமே. பை போனாலும் பித்தம் நேராகக் குடலுக்குப் போய்விடும்.

இனி எக்டமியின் தம்பிகள் இருவர். இவர்களிடம்தான் படித்தவர்களே ஏமாறுகிறார்கள். டி, ஓ, எம், ஒய் என்ற நான்கு எழுத்து மட்டும் வாலில் இருந்தால் வெட்டித் திறந்தார்கள் என்று பொருள். வெட்டு என்னும் அந்த கிரேக்கச் சொல்தான் அணுவைக் குறிக்கும் ஆட்டம் என்ற ஆங்கிலச் சொல்லிலும் இருக்கிறது, வெட்ட முடியாதது என்று பெயர் வைத்தார்கள், பிறகு அதையும் பிளந்துவிட்டோம், அது வேறு கதை. லேபரோட்டமி என்றால் வயிற்றைத் திறந்தது. லேபில் ரத்தம் எடுக்கிறவரை ஃப்ளெபாட்டமிஸ்ட் என்கிறார்களே, அது சிரையை வெட்டுகிறவர், அதாவது ரத்தக்குழாயைத் திறக்கிறவர். இந்த வாலுக்கு முன்னால் ஒரே ஒரு எஸ் சேர்ந்தால் விஷயம் மாறிவிடும். ஸ்டோமா என்றால் வாய். கொலாஸ்டமி என்றால் பெருங்குடலை வயிற்றின் மேல்பக்கம் கொண்டுவந்து ஒரு வாய் வைத்து, மலம் ஒரு பையில் சேர வழி செய்திருக்கிறார்கள். டிரக்கியாஸ்டமி என்றால் மூச்சுக்குழாயில் கழுத்துப் பக்கம் ஒரு வாய்.

மூளை ஆபரேஷனில் இந்த வித்தியாசம் வீட்டுக்காரர்களுக்குக் கட்டாயம் தெரிந்திருக்க வேண்டும். கிரேனியாட்டமி என்றால் மண்டை ஓட்டின் ஒரு துண்டைத் திறந்து வேலை முடிந்ததும் திரும்ப வைத்து மூடிவிட்டார்கள். கிரேனியெக்டமி என்றால் அந்தத் துண்டைத் திரும்ப வைக்கவில்லை, அந்த இடத்தில் எலும்பில்லை, தோல் மட்டும்தான் மூளைக்குக் காவல், தலை எங்கும் இடித்துவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

கர்ப்பப்பை ஆபரேஷன் தாள்களையும் கவனித்துப் படியுங்கள். ஹிஸ்டரெக்டமி என்றால் கர்ப்பப்பை எடுத்தது, கூடவே சால்பிங்கோ ஊஃபரெக்டமி என்றும் இருந்தால் கருக்குழாயும் சினைப்பையும் போயின என்று அர்த்தம். முன்னால் பைலேட்டரல் என்று இருந்தால் இரண்டு பக்கமும். மாதவிடாய் நிற்காத வயதில் இரண்டு சினைப்பையையும் எடுத்தால் அன்றைக்கே மெனோபாஸ்தான். எத்தனையோ பெண்கள் இது தெரியாமலே உடம்பெல்லாம் ஏன் இப்படி எரிகிறது என்று வருடக்கணக்கில் அலைகிறார்கள், தாளில் அந்த ஒரு வார்த்தை இருந்திருக்கும்.

எல்லா வாலும் உண்மை பேசாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். வாசெக்டமி என்று பெயர் இருந்தாலும் குழாய் முழுவதையும் யாரும் எடுப்பதில்லை, வெட்டி அடைத்துவிடுவார்கள், சின்னத் துண்டு எடுத்தாலும் உண்டு. எகானமி, அஸ்ட்ரானமி எல்லாம் காதுக்கு ஒரே குடும்பம் மாதிரி இருக்கும், அங்கே வருவது நாமி, அதற்கு ஒழுங்கு, விதி என்று பொருள். அனாட்டமி மட்டும் நிஜமான சொந்தக்காரன், வெட்டிப் பார்த்துக் கற்றதுதானே உடற்கூறு.

நடுவில் எதற்கு இந்த ஓ என்றும் கேட்பீர்கள். அது சாரியை. கேஸ்ட்ர் என்றால் இரைப்பை, கேஸ்ட்ரைட்டிஸ், கேஸ்ட்ரெக்டமி என்று வால் உயிரெழுத்தில் தொடங்கினால் ஓ தேவையில்லை, ஸ்கோப்பி என்று மெய்யில் தொடங்கினால் கேஸ்ட்ரோஸ்கோப்பி. நாம் இரண்டு உயிர் முட்டும்போது உடம்படுமெய் போடுகிறோம், அவர்கள் இரண்டு மெய் முட்டும்போது உயிரைப் போடுகிறார்கள். இந்தப் பூட்டு வேலை தெரிந்தால் சூடோசூடோஹைப்போபாராதைராய்டிசம் என்ற 30 எழுத்துச் சொல்லும் மிரட்டாது. அது நிஜ நோய்தான், 1952-இல் வைத்த பெயர்.

கேட்டதும் எழுதாமல் எழுத்தைப் பார்த்து எழுதுங்கள் என்பது என் சொந்த அனுபவம். வேலைக்குச் சேர்ந்த புதிதில் இலியம் என்று காதில் விழுந்ததை அப்படியே அடித்தேன். ஆங்கிலத்தில் எழுதும்போது மூன்றாவது எழுத்து ஈ (e) என்றால் சிறுகுடலின் கடைசிப் பகுதி, ஐ (i) என்றால் இடுப்பெலும்பு. உச்சரிப்பு ஒன்றுதான். குடல் நோயாளிக்கு நான் இடுப்பெலும்பை எழுதி வைத்தேன், சரிபார்ப்பவர் பிடித்துவிட்டதால் தப்பித்தேன்.

உங்கள் படிவத்திலும் அதே ஆபத்து இருக்கிறது. நோய் என்ற இடத்தில் கோலிலித்தியாசிஸ், கோலிசிஸ்டைட்டிஸ் இரண்டையும் எழுதுங்கள், சிகிச்சை என்ற இடத்தில் கோலிசிஸ்டெக்டமி. சி-க்குப் பக்கத்தில் உள்ள எச்-சை விட்டுவிடாதீர்கள், நடுவில் உள்ள சிஸ்ட்டையும் விழுங்கிவிடாதீர்கள். இரண்டும் போனால் மிஞ்சுவது கோலெக்டமி, அது பெருங்குடலை எடுக்கும் ஆபரேஷன்.