ஐந்து வயது மகளுக்கு இளவரசி தீமில் பிறந்தநாள்: ஈவென்ட்காரர் இல்லாமல் வீட்டிலேயே நடத்த முடியுமா?

தாராளமாக முடியும். ஹால் சின்னது என்று எழுதியிருக்கிறீர்கள், அதுவும் பிரச்சினை இல்லை. முதலில் ஒன்றைத் தீர்மானித்துக்கொள்ளுங்கள்: அன்று சாயங்காலம் குழந்தைகள் என்ன செய்யப்போகிறார்கள்? பலூன் வளைவும் பேனரும் சீரியல் லைட்டும் போட்டோ எடுக்கிற பெரியவர்களுக்கு. பிள்ளைகள் அதை ஒரு நிமிஷம் அண்ணாந்து பார்க்கும், அடுத்த நிமிஷம் பலூனைப் பிடுங்க ஆரம்பித்துவிடும்.

எங்கள் மகளின் ஐந்தாவது பிறந்தநாளை முடிசூட்டு விழாவாக நடத்தினோம். மதுரைக்காரர்களுக்கு இந்த யோசனையைத் தேடிப் போகவே வேண்டாம். சித்திரைத் திருவிழாவின் எட்டாம் நாள் மீனாட்சிக்குப் பட்டாபிஷேகம். கிரீடம் வைத்து, வேப்பம்பூ மாலை போட்டு, கையில் செங்கோல் கொடுப்பார்கள். மறுநாள் திக்விஜயம். திருக்கல்யாணம் அதற்கும் அடுத்த நாள்தான். மாப்பிள்ளை வருவதற்கு முன்பே முடிசூடிப் படையெடுத்துப் போன பாண்டிய இளவரசி! ஆனால் மகள் கேட்டது எல்சாவை. நான் மல்லுக்கட்டவில்லை. ஃப்ரோஸன் படத்திலும் எல்சாவுக்கு முடிசூட்டு விழா உண்டு (அவள் இளவரசி இல்லை, ராணி என்று என்னைத் திருத்தியதும் மகள்தான்). ஆக நீல கவுனும் செங்கோலும் ஒன்றாகவே வந்துசேர்ந்தன. உங்கள் மகளுக்கு எந்த இளவரசி பிடித்தாலும் இது ஒத்துவரும்.

முதல் அரைமணி நேரம் கிரீடம் செய்யும் வேலை. வருகிற பிள்ளைகள் ஒரே நேரத்தில் வரமாட்டார்கள் இல்லையா? வர வரத் தரையில் பாயை விரித்து உட்கார வைத்துவிடலாம். தங்க நிற அட்டையை 55 சென்டிமீட்டர் நீளப் பட்டைகளாக முந்தைய நாளே வெட்டி வையுங்கள். ஐந்து வயதுக் குழந்தையின் தலைச் சுற்றளவு ஏறக்குறைய 50 சென்டிமீட்டர். மீதி ஒன்றன்மேல் ஒன்று ஏற்றி ஒட்டுவதற்கு. முனைகளை நீங்களே கத்தரித்துவிடுங்கள். பிள்ளைகளுக்கு ஒட்டுகிற கல், ஸ்டிக்கர், ஸ்கெட்ச் பேனா போதும். ஃபெவிகால் காய்வதற்குள் கிரீடம் தலைக்கு ஏறிவிடும், முடியெல்லாம் பசை. ஜிகினாத் தூளும் வேண்டாம், கண்ணில் விழும். ஸ்டேப்ளர் அடித்தால் பின்னின் கூர்முனை வெளிப்பக்கம் இருக்கட்டும், மேலே ஒரு செலோடேப்.

எண்ணிக்கையைவிட நாலைந்து பட்டை கூடுதலாக வையுங்கள். அழைக்காத தம்பி தங்கைகளும் கூடவே வருவார்கள். பிறந்தநாள் குழந்தைக்கு மட்டும் கிரீடம், மற்றவர்கள் கைதட்ட வேண்டும் என்கிற ஏற்பாடு இந்த வயதில் நடக்காது. எல்லாருக்கும் கிரீடம், உங்கள் மகளுக்கு மட்டும் கடைசியில், கூடவே செங்கோல். பழைய நாளிதழை இறுக்கிச் சுருட்டி ஜிகினாத்தாள் சுற்றினால் செங்கோல் தயார். அடித்தாலும் வலிக்காது. அடிப்பார்கள்.

பிறகு முடிசூட்டு. நல்ல நாற்காலி ஒன்றில் பட்டுப்புடவையைப் போர்த்தினால் சிம்மாசனம். என் தம்பிதான் கட்டியக்காரன். நாடகத்தில் வருகிற மாதிரி தொண்டையைக் கனைத்துக்கொண்டு, “ராஜாதி ராஜ...” என்று இழுத்து, ஒவ்வொரு குழந்தைக்கும் அது குடியிருக்கும் இடத்தையே பட்டமாகக் கொடுத்தான். “மாட்டுத்தாவணி மகாராணி வருகிறார், பராக், பராக்!” என்றதும் அந்தக் குழந்தை இடுப்பில் கைவைத்துக்கொண்டு நடந்தது பாருங்கள்! ஆரப்பாளையம் இளவரசர் மட்டும் வெட்கப்பட்டுக் கதவுக்குப் பின்னால் போய்விட்டார். “மாமா, அவனுக்கு பஸ் டிரைவர்னு சொல்லுங்க, வருவான்” என்று அவன் அக்கா சிபாரிசு செய்தாள். சொன்னான், வந்தான். கிரீடம் வைப்பது அம்மாச்சியின் வேலை. காலை ஆட்டிக்கொண்டிருந்த பிள்ளைகள்கூட அந்த நேரம் அசையாமல் உட்கார்ந்திருந்தன.

பையன்களை எப்படிச் சேர்ப்பது என்று கேட்டிருந்தீர்கள். கூப்பிட்டு இதே கிரீடத்தைக் கொடுங்கள், அவ்வளவுதான்.

உடுப்பு விஷயம் கொஞ்சம் யோசிக்க வேண்டியது. கடையில் தொங்கும் நெட் கவுனை வாங்குவதற்கு முன் உள்ளே கையை விட்டுப் பாருங்கள். இடுப்பிலும் அக்குளிலும் நெட் நேராகத் தோலில் படுகிறது என்றால் குழந்தை அரைமணி நேரத்தில் அழும். உள்ளே காட்டன் பெட்டிகோட் போடுங்கள், நீளம் கணுக்காலுக்கு மேலேயே நிற்கட்டும். மதுரைப் பக்கம் என்றால் புது மண்டபத் தையல்காரர்களிடம் கேட்கலாம். சாமி வேஷம், பள்ளி மாறுவேடப் போட்டி உடுப்பு எல்லாம் தைத்துப் பழகிய கைகள். திருமலை நாயக்கர் கட்டிய அந்த மண்டபத்திலிருந்து கடைகள் இப்போது குன்னத்தூர் சத்திரத்துக்கு மாறிவிட்டன. பட்டுப்பாவாடை, நெற்றிச்சுட்டி, குஞ்சம் வைத்த பின்னலோடும் இளவரசியாக இருக்கலாம், குழந்தை சம்மதித்தால்.

அந்த நெட் துணி சட்டென்று தீப்பிடிக்கும். இதை மட்டும் விளையாட்டாக எடுத்துக்கொள்ளாதீர்கள். மெழுகுவத்தி ஏற்றும்போது ஒரு பெரியவர் குழந்தையின் பின்னால் நின்று பாவாடையைப் பிடித்துக்கொள்ள வேண்டும். ஸ்நோ ஸ்பிரே வீட்டுக்குள்ளேயே வேண்டாம். அதைப் பீய்ச்ச வைக்கும் வாயு எரியக்கூடியது. மேலே பறக்கிற பலூனில் பல இடங்களில் அடைப்பது ஹைட்ரஜன், நெருப்புப் பட்டால் வெடிக்கும். ஹீலியம் என்று உறுதியாகத் தெரியாவிட்டால் வாயால் ஊதிய பலூனைச் சுவரில் ஒட்டிவிடுங்கள்.

கேக்குக்குப் பொம்மை கேக் சொல்லப் போகிறீர்கள் என்று நினைக்கிறேன். பாவாடை முழுக்கக் கேக், நடுவில் பொம்மை. பொம்மையின் காலில் பிளாஸ்டிக் தாள் சுற்றித்தான் செருக வேண்டும் என்று பேக்கரியில் சொல்லிவிடுங்கள். வெட்டும்போது பொம்மையை உருவி மகள் கையில் கொடுத்துவிட்டு, பின்பக்கத்திலிருந்து வெட்டுங்கள். எங்கள் வீட்டில் “பாவாடையைக் கிழிக்காதீங்க” என்று ஒரு குரல் வந்தது. வெள்ளிக் குண்டுமணி மாதிரித் தூவுகிறார்களே, அது வேண்டாம், பல்லுக்குக் கடினம்.

எல்லாம் பிங்க் நிறத்தில் இருக்க வேண்டும் என்று பஞ்சுமிட்டாயைத் தேடாதீர்கள். சாப்பிடக்கூடாத ரோடமைன்-பி சாயம் கண்டுபிடிக்கப்பட்டு 2024 பிப்ரவரியில் தமிழ்நாட்டில் அதன் விற்பனைக்கே தடை போட்டார்கள். பீட்ரூட் சாறு ஒரு கரண்டி விட்டால் கேசரி பிங்காகிவிடும். கூடவே மினி இட்லி, தயிர் சாதம், உருளைக்கிழங்கு சிப்ஸ். காலியாவது சிப்ஸ்தான்.

கேக் வெட்டியதும் மொட்டை மாடிக்கு விரட்டி, “குலை குலையா முந்திரிக்கா” ஆட விடுங்கள். ராஜா ராணி சீட்டு எழுத்துக்கூட்டத் தெரிந்த பிள்ளைகளுக்குத்தான். ஐந்து வயதில் சீட்டைத் திறந்து எல்லாரிடமும் காட்டிவிடும்.

அழைப்பில் ஐந்து மணி முதல் ஏழு மணி வரை என்று முடிகிற நேரத்தையும் போடுங்கள். ரிட்டர்ன் கிஃப்ட்டுக்குத் தனியாகக் கடை ஏற வேண்டாம், தலையில் கிரீடம் இருக்கிறது. பெயரை மட்டும் உள்பக்கம் எழுதிவிடுங்கள், இல்லையென்றால் செருப்பு மாறுகிற மாதிரி மாறிப்போய் ராத்திரி வாட்ஸ்அப்பில் விசாரணை நடக்கும்.