சொந்த சர்வரா, ஹைபிரிட் கிளவுடா? வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: நாகர்கோவிலில் சிறிய மென்பொருள் நிறுவனம் நடத்துகிறோம். பில்டு (எழுதிய நிரலை இயங்கும் மென்பொருளாக்குவது), சோதனை எல்லாம் கிளவுடில்தான், அதாவது இணையம் வழியே வாடகைக்கு எடுக்கும் சர்வர்களில்தான். மாதக் கட்டணம் ஏறிக்கொண்டே போவதால் சொந்தமாக சர்வர் வாங்கிவிடலாமா?

பதில்: அவசரப்பட வேண்டாம். அலுவலகத்தைப் பூட்டிய பிறகும் ஞாயிற்றுக்கிழமையும் சும்மா ஓடும் சோதனை சர்வர்களுக்கும் கட்டணம் விழுகிறது. வாரத்தின் 168 மணி நேரத்தில், வேலை நடக்கும் 60 மணி நேரம் மட்டும் அவற்றை இயக்கினால், சேமிப்பிடச் செலவு அப்படியே இருந்தாலும், மணிக்கணக்கில் வரும் கட்டணம் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்காகக் குறைந்துவிடும். அதற்குப் பின்னும் இரவு பகலாக ஒரே சீரான பளு இருக்கிறதென்றால் சொந்த சர்வர் வாங்குவது நியாயமே. ஆனால் 500 வாட் இழுக்கும் ஒரு சர்வர், 30 நாள் மாதத்தில் 360 யூனிட் மின்சாரம் எடுக்கும் என்பதையும், குளிர்சாதனச் செலவு, யுபிஎஸ் பேட்டரி மாற்றும் செலவு, பழுது பார்ப்பவரின் நேரம் ஆகியவற்றையும் விலையோடு கூட்டியே ஒப்பிட வேண்டும். பில்டு சர்வரை அலுவலகத்தில் வைத்துக்கொண்டு, கூட்டம் ஏறி இறங்கும் வாடிக்கையாளர் செயலியைக் கிளவுடிலேயே விட்டுவிடும் ஹைபிரிட் முறைதான் உங்களைப் போன்றவர்களுக்குப் பொருந்தும் என்பது என் கருத்து.

கேள்வி: செயலி குளச்சல் அலுவலகத்திலும் தரவுத்தளம் மும்பைக் கிளவுடிலும் இருக்கலாமா?

பதில்: கூடாது. நம் குமரி மாவட்டத்திலிருந்து மும்பை நேர்கோட்டில் ஏறத்தாழ 1,300 கிலோமீட்டர். கண்ணாடி இழையில் ஒளி போய்த் திரும்பவே 13 மில்லி விநாடி ஆகும். கேபிள் நேர்கோட்டில் போவதில்லை என்பதால் நடைமுறையில் இன்னும் கூடும். தரவுத்தளத்துக்கு அனுப்பும் ஒரே ஒரு வினவலில் (தரவு கேட்கும் கோரிக்கையில்) இந்தத் தாமதம் தெரியாது. ஆனால் ஒரு பக்கத்தைக் காட்ட ஒன்றன்பின் ஒன்றாக 100 வினவல்கள் அனுப்பும் செயலியில், இந்தத் தூரம் மட்டுமே 1.3 விநாடியைத் தின்றுவிடும். செயலியும் தரவுத்தளமும் ஒரே இடத்தில் இருக்கட்டும்.

கேள்வி: மார்த்தாண்டத்தில் எல்லாத் தரவும் எங்கள் கட்டடத்திலேயே இருக்கிறது. கிளவுட் அவசியமா?

பதில்: செயலியை இயக்க அவசியமில்லை, பேக்கப்புக்கு வெளியிடம் ஒன்று கட்டாயம் வேண்டும். 2017 நவம்பர் 30 அன்று ஒக்கிப் புயல் தாக்கியபோது நம் மாவட்டத்தில் மின்கம்பங்கள் சாய்ந்து, பல ஊர்கள் நாள்கணக்கில் இருளில் கிடந்ததை நாம் எல்லோரும் பார்த்தோம். தரவின் பிரதிகள் மூன்று, சேமிப்பு வகைகள் இரண்டு, அவற்றில் ஒரு பிரதியாவது வேறு ஊரில் என்பது பழைய விதி. அதை மாற்ற இன்றும் காரணம் இல்லை. பேக்கப் இருந்தால் மட்டும் போதாது, மீட்கும் நேரத்தையும் கணக்கிடுங்கள்: 2 டெராபைட் தரவை 100 எம்பிபிஎஸ் இணைப்பில் இறக்க, வேகம் சற்றும் குறையாவிட்டாலும், 44 மணி நேரத்துக்கு மேல் ஆகும். அவ்வளவு நேரம் உங்கள் வாடிக்கையாளர்கள் காத்திருக்க முடியாதென்றால், முக்கியமான தரவுத்தளத்தை மட்டும் தனியாகப் பிரித்து முதலில் மீட்கும்படி அமைத்து, ஆண்டுக்கு இருமுறையாவது மீட்டுப் பாருங்கள்.

கேள்வி: தரவு இந்தியாவுக்குள்தான் இருக்க வேண்டுமா?

பதில்: பணப் பரிவர்த்தனைத் தரவுக்கு ஆம்; ரிசர்வ் வங்கி 2018 ஏப்ரலில் அப்படி உத்தரவிட்டது. மும்பை, ஹைதராபாத், சென்னை போன்ற நகரங்களில் பெரிய கிளவுட் நிறுவனங்களின் மையங்கள் இருப்பதால், இதற்காக மட்டும் சொந்த சர்வர் வாங்கத் தேவையில்லை.