இழைப்புளியில் தொடங்கிய கார்

அன்புள்ள சார்,

கான்செப்ட் கார்கள் (விற்க அல்ல, காட்டவும் சோதிக்கவும் கட்டுபவை) பற்றிய உங்கள் குறிப்பில் மெர்சிடிஸ் சி 111-ஐ ‘தன் அழகாலேயே மாட்டிக்கொண்ட கார்’ என்று ஒரே வரியில் சொல்லிவிட்டுக் கடந்துவிட்டீர்கள். நான் கரூர்க்காரன், மெக்கானிக்கல் இறுதியாண்டு படிக்கிறேன். பஸ் பாடி கட்டுவதைப் பார்த்தே வளர்ந்தவன். சேசிஸ் வெறும் எலும்பாக வந்து நிற்கும். ஓடத் தேவையான எல்லாம் அதிலேயே இருக்கும். மேலே கட்டுவது முதலாளியின் ரசனை. புது எஞ்சினைச் சோதிக்கிற ஸ்போர்ட்ஸ் காருக்கும் அப்படித்தானே? வடிவத்துக்கு எதற்கு அத்தனை மெனக்கெடல்? அழகு எப்படி ஒரு காரை மாட்டிவிடும்?

செ. கதிரவன்

அன்புள்ள கதிரவன்,

நீங்கள் சொல்கிறபடியேதான் அந்தக் காரும் தொடங்கியது. 1969-ல் முதல் சோதனை வண்டிக்கு அவசரத்துக்கு ஒரு பாடியைப் போட்டு ஓட்டினார்கள். பார்க்கச் சகிக்காது. பட்டறை ஆட்களே அதற்கு ‘ஹோபல்’ என்று பட்டப்பெயர் வைத்தார்கள். ஜெர்மனில் இழைப்புளி, தச்சர் மரம் இழைக்கிற கருவி, என்று பொருள். சோதிக்க வந்தது வாங்கெல் எஞ்சின். அதற்கு இழைப்புளியே போதும் என்று விட்டிருக்கலாம்.

விடவில்லை. அதற்கு எஞ்சினும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன். வாங்கெலில் பிஸ்டன் மேலும் கீழும் போகாது. மூன்று முனையுள்ள ரோட்டர் ஒன்று கூட்டுக்குள் சுழன்றுகொண்டே இருக்கும். ஒவ்வொன்றும் 600 சிசி என மூன்று ரோட்டர்கள், 280 குதிரைத்திறன். அத்தனை திறனும் இருக்கைக்குப் பின்னால் ஒரு சின்ன இடத்தில் அடங்கிவிடும். முன்பக்கம் எஞ்சின் இல்லாததால் மூக்கைத் தரையோடு தரையாக இறக்கலாம். மெர்சிடிஸ் வடிவமைப்பாளர் புரூனோ சாக்கோவின் குழு வரைந்த அந்த ஆப்பு வடிவம் அங்கிருந்து வந்தது. உங்கள் கரூர் கணக்கு இங்கே உதவாது. இங்கே சேசிஸும் பாடியும் ஒரே கேள்விக்கான விடைகள். தவிர, பஸ் போகிற வேகத்தில் காற்று பெரிய பொருட்டில்லை. 300 கிலோமீட்டரில் காற்றுதான் எல்லாம். அங்கே பாடியும் ஓர் இயந்திர உறுப்பு.

ஆனால் அவர்கள் அதோடு நிற்கவில்லை. இறக்கை போல் மேலே விரியும் கதவுகளை வைத்தார்கள். அதே மாதிரிக் கதவுள்ள 1954-ன் மெர்சிடிஸ் 300 எஸ்எல் காரை மறக்காதவர்களுக்கு அது போதும். மேலே ‘வைஸ்ஹெர்ப்ஸ்ட்’ என்று ஜெர்மன் ரோஸ் ஒயினின் பெயரில் ஒரு மினுங்கும் ஆரஞ்சு நிறம். 1969 செப்டம்பரில் பிராங்க்பர்ட் கண்காட்சியில் வைத்தார்கள். அடுத்த மார்ச்சில் ஜெனீவாவில் நான்கு ரோட்டர், 350 குதிரைத்திறன், 300 கிலோமீட்டர் வேகம். ஆட்கள் தொகை எழுதாத செக்கோடு வந்து நின்றார்கள்.

விற்க அவர்களிடம் கார் இல்லை, சோதனைக்கூடம்தான் இருந்தது. ரோட்டரோடு நகர்ந்துகொண்டே இருக்கிற எரிப்பறை நீளமாக, தட்டையாக இருக்கும். சுடர் மூலைமுடுக்கெல்லாம் போய்ச் சேராது. பெட்ரோலில் ஒரு பங்கு எரியாமலே புகையோடு வெளியே போய்விடும். குடியும் அதிகம், புகையும் அதிகம். அமெரிக்காவில் புகைச் சட்டம் இறுகிக்கொண்டிருந்த நேரம் அது. 1973-ல் எண்ணெய் நெருக்கடியும் வந்தது. மெர்சிடிஸ் வாங்கெலைக் கைவிட்டது. இழைப்புளியாகவே இருந்திருந்தால் பத்தோடு பதினொன்றாகப் போயிருக்கும். அந்த ஆரஞ்சுக் காரை மட்டும் ‘ஏன் விற்கவில்லை’ என்று இன்றுவரை கேட்கிறார்கள். எஞ்சின் தர முடியாத வாக்கை வடிவம் முன்கூட்டியே கொடுத்துவிட்டது. என் வரிக்கு அவ்வளவுதான் அர்த்தம்.

என் வாதத்தில் ஓர் ஓட்டை உண்டு, நானே சொல்லிவிடுகிறேன். ஒப்பிட்டுப் பார்க்க அதே பாடிக்குள் 3.5 லிட்டர் வி8 எஞ்சினையும் வைத்து ஓட்டியிருக்கிறார்கள். நன்றாகவே ஓடியது. ஆக, அந்த வடிவம் வாங்கெலுக்கு மட்டுமே பொருந்தும் என்று நான் சத்தியம் செய்ய முடியாது.

எனக்குப் பிடித்த கதை அதற்குப் பிறகு வருவது. 1976 ஜூனில், இத்தாலியின் நார்தோ வட்டப்பாதையில், அந்தக் காருக்குள் டீசல் எஞ்சினை வைத்து ஓட்டினார்கள். ஓஎம் 617, ஐந்து சிலிண்டர். டாக்சிக்காரர்கள் வாங்குகிற செடானில் 80 குதிரைத்திறன் தந்துகொண்டிருந்தது. காற்றை அழுத்தித் திணிக்கும் டர்போவும், அந்தக் காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலரும் சேர்த்து 190 ஆக்கினார்கள். நான்கு ஓட்டுநர்கள் மாறி மாறி 60 மணி நேரம் ஓட்டினார்கள். சராசரி வேகம் சுமார் 252 கிலோமீட்டர். டீசல் என்றால் மந்தம் என்ற பேச்சுக்கு அதைவிட நல்ல பதில் அன்று இல்லை.

நான்கு சிலிண்டர் ஓஎம் 616-உடன் ஒரு சிலிண்டர் கூட்டியதுதான் இந்த 617. அந்த 616-ஐத்தான் புனேயின் பஜாஜ் டெம்போ உரிமம் பெற்றுத் தயாரித்து டெம்போ டிராக்ஸில் வைத்தது. நீங்கள் டிராக்ஸின் பின்பக்கம் இடித்துப் பிடித்து உட்கார்ந்து போயிருந்தால், நார்தோவில் சாதனை செய்த எஞ்சினின் அண்ணனோடு பயணம் செய்திருக்கிறீர்கள்.

1978-ல் வடிவத்தையே மாற்றினார்கள். இப்போது கேள்வி ஒன்றே ஒன்று: காற்று. காரை ஒடுக்கி, நீட்டி, நீளமான வால் வைத்து, சக்கரங்களை மூடி, வெள்ளி நிறம் பூசினார்கள். காற்றுத்தடை எண் (குறையக் குறைய நல்லது) 0.183. டீசலில் 230 குதிரைத்திறன்தான், வேகமோ 320-ஐத் தாண்டியது. அந்த ஓட்டத்தில் நூறு கிலோமீட்டருக்கு 16 லிட்டர் செலவானது. இதற்கு யாரும் செக் நீட்டியதாக நான் கேள்விப்பட்டதில்லை. மீன் மாதிரி இருக்கும். ஆனால் சி 111-ன் நான்கு பதிப்புகளில் எது நேர்மையான வடிவம் என்று கேட்டால் இதைத்தான் சொல்வேன். இதில் எந்தக் கோடும் வாங்குபவரைப் பார்த்து வரைந்ததில்லை. (நான்காவது 1979-ல் வந்தது. 4.8 லிட்டர் வி8, மணிக்கு 403.978 கிலோமீட்டர். அது வேறு வெறி.)

2023-ல் மெர்சிடிஸ் ‘விஷன் ஒன்-லெவன்’ என்று ஒரு மின்சாரக் கான்செப்ட் காரைக் காட்டியது. உள்ளே யாசா நிறுவனத்தின் தட்டு போன்ற மோட்டார்கள். வழக்கமான மின்மோட்டார்களின் எடையிலும் பருமனிலும் மூன்றில் ஒரு பங்குதான் என்கிறார்கள். உண்மையிலேயே புதுச் சரக்கு. வெளியே பார்த்தால் அதே ஆரஞ்சு, அதே இறக்கைக் கதவு. அழகாகத்தான் இருக்கிறது. படத்தைப் பார்த்ததும், இந்த மோட்டாரை வைத்து முதலில் யாராவது ஓர் இழைப்புளி கட்டி ஓட்டிப் பார்த்தார்களா என்றுதான் கேட்கத் தோன்றியது.