பிறருக்காக ஜெபிப்பது: நீங்கள் கேட்டவையும் என் பதில்களும்

எங்கள் சபையின் பெண்கள் ஜெபக்குழுவில் 22 வருஷமாக இருக்கிறேன். பிறருக்காக ஜெபிப்பதைத் தினசரிப் பழக்கமாக்குவது பற்றி எதையும் கேளுங்கள் என்றேன். வந்த கேள்விகளும் பதில்களும் இதோ.

கேள்வி: "ஜெபம் பண்றேன்" என்று எல்லோரிடமும் சொல்லிவிடுகிறேன் அக்கா. வீட்டுக்குப் போனதும் மறந்துபோகிறது.

நானும் அப்படித்தான் இருந்தேன். ஆஸ்பத்திரி வாசலில் ஒரு அம்மா என் கையைப் பிடித்து, மகனின் ஆபரேஷனுக்காக ஜெபிக்கச் சொன்னார். சரி என்றேன். இரண்டு வாரம் கழித்து அவரே தேடி வந்து, "உங்க ஜெபத்தால பையன் நல்லா இருக்கான்" என்றார். நான் ஒரு நாள்கூட ஜெபிக்கவில்லை. அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. அன்று சாயங்காலமே 40 பக்க நோட்டு ஒன்று வாங்கினேன்.

இப்போது, யாராவது கேட்டால் அந்த இடத்திலேயே, செருப்பைக்கூடக் கழற்றாமல், இரண்டு வரி ஜெபித்துவிடுகிறேன். போனில் கேட்டால் போனிலேயே. அப்புறம் நோட்டில் பெயர், காரியம், தேதி: "எதிர்வீட்டு அக்கா, ஸ்கேன், செவ்வாய்." செவ்வாய் சாயங்காலம் போய் விசாரிப்பேன். விசாரிக்கிற அந்தப் பழக்கம்தான் ஜெபத்தை உயிரோடு வைத்திருக்கிறது. நோட்டு இருப்பது அடுப்படியில், மசாலா டப்பா பக்கத்தில். மஞ்சள் கறை படாத பக்கமே அதில் கிடையாது.

கேள்வி: என் பட்டியல் 60 பேரைத் தாண்டிவிட்டது. தினமும் வெறுமனே பெயர் வாசிக்கிறேன்.

கிழமைவாரியாகப் பிரியுங்கள். வீட்டார் தினமும், மற்றவர்கள் வாரத்தில் ஒரு நாள். ஜெர்மனியில் ஹெர்ன்ஹூட் என்ற ஊரில் 1727-ல் மொராவியர் என்ற கிறிஸ்தவக் கூட்டத்தார் நாளின் 24 மணி நேரத்தையும் மணிக்கணக்காகத் தங்களுக்குள் பங்கிட்டுக்கொண்டு ஜெபித்தார்கள். அந்தச் சங்கிலி நூறு வருஷத்துக்கும் மேல் ஓடியது. யாரும் தனியாளாக முழு நாளையும் சுமக்கவில்லை. நீங்களும் சுமக்க வேண்டாம்.

கேள்வி: "ஆசீர்வதியும்" தவிர வேறு வார்த்தை வருவதில்லை.

பைபிளில் கொலோசெயர் நிருபம் முதல் அதிகாரம், 9 முதல் 11 வரை உள்ள வசனங்களை வாசியுங்கள். தான் நேரில் பார்த்திராத சபைக்காக, அந்த நிருபத்தை எழுதிய அப்போஸ்தலன் பவுல் ஞானமும் பலமும் பொறுமையும் கேட்கிறார். அங்கே "நீங்கள்" என்று வருகிற இடத்தில் உங்கள் ஆளின் பெயரை வைத்து ஜெபியுங்கள்.

கேள்வி: சொத்தில் அண்ணன் என்னை ஏமாற்றிவிட்டார். அவருக்காகவும் ஜெபிக்கணுமா?

ஜெபிக்கணும் தம்பி. கஷ்டம் என்று தெரிந்தேதான் சொல்கிறேன். பைபிளில், எல்லாவற்றையும் இழந்து தவித்த யோபுவைக் குற்றஞ்சாட்டிப் பேசிப் பேசியே நோகடித்தார்கள் அவருடைய சிநேகிதர்கள். அவர்களுக்காக யோபு வேண்டியபோதுதான் அவர் சிறையிருப்பு, அதாவது அவர் பட்ட துன்பம், மாறியது என்று யோபு புத்தகத்தின் 42-ஆம் அதிகாரம் சொல்கிறது.

"அவருக்குப் புத்தி கொடும்" என்று ஆரம்பிக்காதீர்கள். அப்படி ஆரம்பித்தால் ஜெபத்திலேயே வழக்கு நடக்கும். முதல் வாரம் பெயரை மட்டும் சொல்லுங்கள். அதற்கே தொண்டை அடைக்கும். அடுத்து அவர் பிள்ளைகளின் படிப்பு, அவருடைய முட்டி வலி. இதற்காக உங்கள் பங்கைக் கேட்பதை விட வேண்டாம். வக்கீலிடம் போக வேண்டியிருந்தால் போங்கள், ஜெபித்துவிட்டே போங்கள்.

கேள்வி: ஜெபக்குறிப்பை வாட்ஸ்அப் குழுவில் போடலாமா?

சம்பந்தப்பட்டவர் சரி என்றால் மட்டும். இல்லையென்றால் அது வம்பு.

கேள்வி: அக்காவுக்குப் புற்றுநோய். மூன்று வருஷம் ஜெபித்தோம். போய்விட்டாள். இனி எதற்கு ஜெபிக்க?

உங்கள் ஜெபம் குறைந்ததால்தான் போனாள் என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள், அம்மா. பவுல், தன் மாம்சத்தில் இருக்கிற "முள்" என்று தானே சொன்ன ஒரு வேதனை நீங்கும்படி மூன்று தரம் வேண்டினார். அது நீங்கவில்லை. அவருக்கா விசுவாசம் குறைவு?

என் சித்தி மகளுக்காக இரண்டு வருஷம் நோட்டில் எழுதினேன். அவளும் பிழைக்கவில்லை. ஒரு மாதம் நோட்டைத் திறக்கவே இல்லை. திறந்தபோது அவள் பெயரை அடிக்க மனசு வரவில்லை. அதற்குக் கீழே அவள் பிள்ளைகள் இரண்டு பேரின் பெயரை எழுதினேன். சின்னவளுக்கு வருகிற மார்ச்சில் பத்தாம் வகுப்புப் பரீட்சை, கணக்குதான் அவளுக்குப் பயம்.

இப்போது ஜெபிக்க முடியாவிட்டால் விடுங்கள். அக்கா பிள்ளைகளின் பெயரை மட்டும் எனக்கு அனுப்புங்கள். வியாழக்கிழமைப் பக்கத்தில் இடம் இருக்கிறது.