கேளுங்க சொல்றேன்: முங்குன போட்ட எப்படித் தூக்குறது?

மண்டபம் வாசகர்: அண்ணே, வடகடல்ல (பாக் விரிகுடா பக்கம்) ராத்திரி இன்னொரு போட்டு வந்து இடிச்சு எங்க சம்மாட்டியோட (போட்டு முதலாளியோட) விசைப்படகு முங்கிருச்சு. 6 பாகம் (சுமாரா 11 மீட்டர்) ஆழந்தான். கயிறு போட்டு ரெண்டு போட்ட வச்சு இழுத்துரலாம்ங்குறாங்க, டிரம் கட்டலாம்ங்குறாங்க. எது சரி?

இழுக்காதீங்க தம்பி, அடியில சேறு நல்லா கவ்விப் புடிச்சிருக்கும், இழுத்தா பலகை பேந்து ஏராவோட (அடிமரத்தோட) போயிரும், அப்புறம் தூக்க என்ன இருக்கு? மொதல்ல லைட்டோட ஒரு மிதவையப் போட்டுட்டு மீன்துறைக்கும் கோஸ்ட் கார்டுக்கும் சொல்லிருங்க. சங்கு குளிக்கிற ஆள எறக்கி டேங்குல இருக்க டீசல வெளிய எடுத்துட்டு, இடிபட்ட ஓட்டைய வெளிப்பக்கமா பலகையும் தார்ப்பாயும் வச்சு அடைங்க, அடியில பம்புல தண்ணி பீச்சி சேத்தக் கலைச்சு விடுங்க.

டிரம்முல ஒரு சூட்சுமம் இருக்கு. காத்தோட மூடுன டிரம்ம கீழ எறக்கவும் முடியாது, எறக்குனாலும் நசுங்கும். தண்ணி ரொப்பி எறக்கி, வாய் கீழ பாத்தாப்ல கட்டி, கம்ப்ரசர் குழாய உள்ள விட்டு காத்து ஏத்தணும். வாயத் தொறந்தே விடுங்க, ஏன்னா அந்த ஆழத்துல இருக்க காத்து மேல வர வர ரெண்டு மடங்கா விரியும், மூடியிருந்தா டிரம் வெடிச்சிரும். 200 லிட்டர் டிரம் ஒன்னு சுமாரா 200 கிலோ தூக்கும், அதுக்காக 10 டன் போட்டுக்கு 50 டிரம்முனு பயந்துராதீங்க, மரம் தானா மெதக்குற சாமான், எஞ்சின், வலை இழுக்குற விஞ்சு, உள்ள அடைஞ்ச சேறு இதுகளோட பாரந்தான் பாரம். ரெண்டு பக்கமும் சமமா கட்டுங்க. போட்டோட விளிம்பு தண்ணிக்கு மேல தெரிஞ்சதும் கையத் தட்டிட்டு டிரம்ம அவுத்துராதீங்க, உள்ள இருக்க தண்ணி ஒரே பக்கமா ஓடி திரும்ப கவுத்துரும், பூராத்தையும் எறச்ச பெறகுதான் அவுக்கணும். வாடை கெளம்புறதுக்குள்ள முடிச்சிருங்க.

தொண்டி வாசகர்: பெரிய கப்பலையும் இப்படித்தான் தூக்குவாங்களா?

எல்லாத்தையும் முழுசா தூக்க முடியாது. 2002 டிசம்பர்ல இங்கிலீஷ் கால்வாய்ல டிரைகலர்னு ஒரு கப்பல், 2,800க்கு மேல காரு ஏத்திட்டுப் போனது, இன்னொரு கப்பல் மோதி முங்குச்சு. எச்சரிக்கை குடுத்தும் அடுத்த மூணு வாரத்துக்குள்ளயே வேற ரெண்டு கப்பல் போயி அதுமேலயே முட்டுச்சு (மிதவை மிதவைன்னு நான் கத்துறது இதுக்குத்தான்). கடைசியில ரம்பம் மாதிரி ஒரு கம்பி வடத்த வச்சு 9 துண்டா அறுத்து, துண்டு துண்டா கிரேன்ல எடுத்தாங்க.

கீழக்கரை வாசகர்: முங்குன கப்பல்ல இருந்து கரை ஒதுங்குற சாமான எடுத்துக்கலாமா?

கூடாது, கடல்ல கெடந்தாலும் சொந்தக்காரன் சொத்துதான். 2025 மே மாசம் கொச்சிக்கு வெளிய 640 கன்டெய்னரோட எம்எஸ்சி எல்சா 3 முங்குச்சே, அதுல சில பெட்டியில கால்சியம் கார்பைடு இருந்துச்சு, தண்ணி பட்டா தீப்புடிக்கிற வாயு கெளம்பும். பெட்டி ஒதுங்குனா பக்கத்துல நின்னு பீடி பத்த வைக்காம கோஸ்ட் கார்டோட 1554க்கு போன் போடுங்க.